விடு என்றால் விட வேண்டும்

ராஜ்குமார் பக்கத்தில் உட்காரவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் காரின் டர்போவை அடக்கும் பூஸ்ட் கன்ட்ரோலரை ஒற்றை ஆளாக டியூன் செய்ய முடியாது. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் மீட்டரைப் பார்த்துப் பார்த்து அளவை ஏற்ற வேண்டும். டர்போ இன்ஜினுக்குள் அளவுக்கு மேல் காற்றை அழுத்தினால் பார்க்கிறவர் 'விடு' என்பார். ஓட்டுகிறவர் அந்த நொடியே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான்.

மூன்று மாதத்துக்கு முன் இதே காரில் நான் 'விடு' என்று கத்தியும் அவன் காலை எடுக்கவில்லை. பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. காரில் நாங்கள் இரண்டு பேர்தான். திண்டிவனத்து ஷெட்டுக்குத் திரும்பியதும், "அவ சொல்லவே இல்ல, போனப் பாத்துக்கினு இருந்தா" என்று வாய் கூசாமல் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் ஒருவர்கூட காரை என்னிடம் விடவில்லை. 'இந்தப் புனிதாவுக்கு எதற்கு ஆம்பளை வேலை' என்று என்னைப் பற்றி முனகியவர்களுக்கு நல்ல சாக்கு கிடைத்தது.

கார்க்காரர் சவுரிராயன் கண்டமங்கலத்தில் கரும்பு போடுகிறவர். அவர் மட்டும் எங்கள் இருவரையுமே நம்பவில்லை. புது இன்ஜின் ஏறியதும் இருவரையும் வரச் சொன்னார்.

"அன்னிக்கு மாதிரியே உக்காருங்க. நான் பின்னால இருக்கறேன். யாரு மேல தப்போ, அவங்க இனிமே இந்த ரெண்டு ஊர்லயும் ஸ்பேனரத் தொடக் கூடாது."

கிளம்புமுன் அவரிடம் தனியாகச் சொன்னேன். "பயப்படாதீங்கண்ணே. மீட்டர்ல ஒண்ணே கால் தாண்டுனா கன்ட்ரோலரே டர்போவ அடக்கிடும். அந்த லிமிட்ட வெச்சிருக்கறேன்." போன தடவை, எதற்கு நேரத்தை வீணாக்குகிறாய் என்று ராஜ்குமார் சொன்னதைக் கேட்டு அதை வைக்காமல் விட்டேன். அது மட்டும் என் தப்பு.

கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் இன்னும் திறக்காத புது ரோடு. ஓரத்தில் யாரோ மல்லாட்டைக் கடலை காயப் போட்டிருந்தார்கள்.

"ஒண்ணு புள்ளி ரெண்டத் தொட்டா விடுன்னு சொல்லுவேன்" என்றேன்.

"நீ வாய மூடிக்கினு மீட்டரப் பாரு. ஓட்டறது எனக்குத் தெரியும்."

முதல் இரண்டு ஓட்டத்தில் மீட்டர் முள் ஒன்றைத் தாண்டவில்லை. அளவைக் கொஞ்சம் ஏற்றினேன். மூன்றாவது ஓட்டத்தில், மூன்றாவது கியரில் அவன் முழுக்க மிதித்தான். முள் விருட்டென்று ஏறியது.

"விடு!"

கால் அசையவில்லை.

"விடுய்யா!"

உதட்டைச் சுழித்தானே தவிர எடுக்கவில்லை. நான் சொல்லி அவன் கால் நகர்வதா என்ற திமிர். இன்ஜின் வெடித்தாலும் அது நடக்காது.

"விடு!"

முள் ஒன்றேகாலைத் தாண்டியது. நான் வைத்த லிமிட்டில் கன்ட்ரோலர் டர்போவை அடக்கியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் கார் சோர்ந்தது. அவன் பிரேக்கை மிதித்துத் திரும்பினான்.

"பேஜாரு புடிச்ச டியூனிங்கு. புஸ்ஸுன்னு போச்சு, பாத்தீங்களாண்ணே?"

"அவ விடுன்னாளே, ஏன் விடல?"

"இன்ஜின் சத்தத்துல காது கேக்கலண்ணே."

"பின் சீட்டுல இருக்கற எனக்கே மூணு வாட்டி கேட்டுது." சவுரிராயன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "எறங்குடா."

அவன் இறங்கினான். என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். நானும் திருப்பிச் சொன்னேன். கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

சவுரிராயன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். "நான் ஓட்டறேன். நீ சொல்லும்மா."

அளவைத் துளி குறைத்தேன். வண்டி பறந்தது. முள் மெல்ல ஒன்று புள்ளி இரண்டைத் தொட்டது.

"விடு."

சொல்லி முடிப்பதற்குள் காலை எடுத்துவிட்டார். முள் இறங்கியது. இன்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகையும் ஆத்திரமும்தான் வந்தன. இவ்வளவுதான் அவன் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது.