ஸ்கேனுக்கு ஒதுக்கிய முப்பது

ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்காக நின்றிருந்த ஜெபக்குமாருக்கு ஜாய்ஸிடமிருந்து போன் வந்தது. அவன் நெட்வொர்க் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மாமல்லபுரம் கிளையில் நர்ஸ் அவள். எடுத்ததுமே மூச்சு வாங்கினாள்.

"அண்ணா, பூபாலன்னு மீன் புடிக்கிற போட்டுக்காரரு ஒருத்தரு நெஞ்சுவலின்னு வந்துகீறாரு. ஸ்கேன் படம் செங்கல்பட்டு டாக்டருக்குப் போவவே மாட்டேங்குது, அப்டியே நிக்கிது. போட்டோ புட்ச்சி அனுப்புனேன். அது பத்தாதாம், படம் ஓடுறத பாத்தாதான் இன்னா ஊசின்னு சொல்லுவேன்றாரு."

படம் ஏன் நிற்கிறதென்று ஜெபக்குமாருக்கு உடனே புரிந்தது. காரணம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அந்தக் கிளைக்கு இருப்பது ஒரே லைன். பில், கேமரா, போன், டிவி, ஸ்கேன் எல்லாம் அதில்தான் போயாக வேண்டும். ரவுட்டரைப் பொருத்தியபோது, நூற்றில் முப்பது பங்கை ஸ்கேனுக்கென்று ஒதுக்கிவைத்தவன் அவன்தான். பழைய பெட்டி அது. ஸ்கேன் இல்லாத நேரத்திலும் அந்த முப்பதை வேறு யாருக்கும் விடாது. மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் அதற்கு வேலை. போன வாரம் அவன் அங்கே போயிருந்தபோது காத்திருப்போர் அறை டிவியில் மேட்ச் நின்று நின்று ஓடியது. உட்கார்ந்திருந்த ஜனம் கூச்சல் போட்டது. இவன் அந்த ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டான். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தான். கை தட்டினார்கள், டீ வந்தது, உச்சி குளிர்ந்து வீட்டுக்கு வந்தவன் அதைத் திரும்பப் போட மறந்தே போனான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

லேப்டாப்பை எடுத்து பெஞ்சில் வைத்தான். அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை சரியாகப் போட்டும் திறக்கவில்லை. அவன் இங்கிருந்து ரவுட்டருக்குள் போகிற வழியும் அதே லைன்தான். தனக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்ள அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"வேர்த்துக் கொட்டுதுண்ணா அவருக்கு. இன்னா பண்ணட்டும்?"

ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அது எழுந்து வர ஏழு நிமிடம் ஆகும், வந்ததும் டிவி மறுபடி எல்லாவற்றையும் விழுங்கும். டிவியைப் பிடுங்கச் சொன்னால் உடனே ஆகும். யார் செய்த வேலை என்பதும் உடனே தெரிந்துவிடும். வேலை போகட்டும், அந்த ஆள் செத்துப்போனால்? பயத்தில் ஜெபம்கூட வாய்க்கு வரவில்லை.

"ஜாய்ஸ், வெயிட்டிங் ரூம் டிவி பின்னாடி நெட்டு வயரு கீது. புடுங்கு."

"டிவியா? இன்னாத்துக்கு?"

"புடுங்கு சொல்றேன்!"

செருப்புச் சத்தம் ஓடியது. மேட்ச் இரைச்சல் பட்டென்று நின்றது, யாரோ திட்டினார்கள். செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. ஏறுகிறவர்கள் இடித்துக்கொண்டு போயும் அவன் நகரவில்லை.

"போவுதுண்ணா! டாக்டர் பாக்குறாரு, ஊசிய எடுன்றாரு." ஒரு நொடி நிறுத்தினாள். "ஆமா, டிவிக்கும் இதுக்கும் இன்னாண்ணா?"

"நான்தான் ஜாய்ஸ். நான்தான் எடுத்துட்டேன்."

அதற்குள் அவள் போனை வைக்காமலே மேஜையில் போட்டுவிட்டு ஓடியிருந்தாள். கட்டில் நகர்த்தும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், அப்புறம் ஒரு பெண் குரல், பூபாலனின் மனைவியாக இருக்கும்.

"இன்னாங்க, கண்ணத் தொறங்க. இன்னாங்க..."

வண்டி ஹாரன் அடித்துக் கிளம்பியது. ஜெபக்குமார் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனை மறு காதில் அழுத்தி, அந்த ஆள் பதில் சொல்கிறானா என்று கேட்டபடி நின்றான்.