வியாழன், ஐந்து மணி

"நாப்பது பேருக்கு ரொட்டி வெட்டியிருக்கியே, யாரு வருவாங்கன்னு நினைச்ச கண்ணு?"

பிரயனி சாண்ட்விச்சுகளை முக்கோணமாக வெட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அப்பாவோட ஆபீஸ் ஆளுங்கதான். வியாழக்கிழமை கூட்டம்," என்றாள்.

'மூன்று வாத்துகள்' பப்பின் உரிமையாளர் மேவிஸ், துடைத்துக்கொண்டிருந்த கிளாஸை வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்தாள்.

"அந்தக் கூட்டம் கலைஞ்சு நாலு வருஷமாச்சும்மா. இப்போ வேலை முடிஞ்சு யாரு குடிக்க வர்றாங்க? பாதிப் பேரு வீட்டுலயே உக்காந்து வேலை பாக்கறாங்க, மீதிப் பேரு ஜிம்முக்கு ஓடறாங்க. உங்கப்பா மட்டும்தான் வருவாரு. ஜன்னலோரம், அந்த மேசை. ஒரே ஒரு பைன்ட் பீர். ஏழரை மணிக்கு எழுந்து போயிடுவாரு. உனக்குத் தெரியாதா?"

கத்தி நின்றது. தெரியாது. போன மாதம்கூட, "பசங்க விடமாட்டேங்கறாங்க, ஏழரை ஆயிடும்," என்று போனில் சொன்னாரே அந்த மனிதர்!

அவளுடைய அப்பா கிளைவ் ஆர்மராட் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். வியாழக்கிழமை மாலை அவருடைய இரவுச் சாப்பாடு அடுப்புக்குள் காய்ந்துகொண்டிருக்கும். "என்னைக் கட்டிக்கிட்டாரு, வியாழக்கிழமைய மட்டும் அவனுங்களுக்குக் குடுத்துட்டாரு," என்று அம்மா ஐரிஸ் வாரம் தவறாமல் திட்டுவாள். கணவனைத் தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட இந்த பப்புக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்பது அவளுடைய வைராக்கியம். தகனம் முடிந்ததும் வீட்டிலேயே டீயோடு முடித்துக்கொள்ளலாம் என்று சொன்னவளை இங்கே வரச் சம்மதிக்க வைத்தவள் பிரயனி. "அப்பா ஆளுங்களால ரூம் நிறைஞ்சிருக்கும்மா, நீயே பாரு," என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தாள். இப்போது அம்மா காலி நாற்காலிகளைப் பார்க்கப் போகிறாள். நாலு வருடம் அவர் பொய் சொன்னதும், தனியாக உட்கார்ந்திருந்ததும் இன்றைக்கா தெரிய வேண்டும்?

மூன்றரை மணிக்குத் தகனம். அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். "மத்தவங்க எல்லாரும் லிங்க்ல பாக்கறாங்க," என்று மேலாளர் பெருமையாகச் சொல்லிவிட்டு வாசலிலேயே கை குலுக்கி விடைபெற்றார். நல்ல காலம் போங்கள்! செத்தவனையும் திரையில் பார்த்தே அனுப்பி வைக்கிறார்கள்.

பப்புக்கு வந்த உறவினர்களும் வண்டி ஓட்ட வேண்டும் என்று டீயைக் குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஐந்து மணிக்கு மேசையில் மூன்று தட்டுச் சாண்ட்விச்சுகள் அப்படியே இருந்தன. ஐரிஸ் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டைக் கழற்றாமல், கைப்பையை மடியில் வைத்தபடி ஜன்னலோர மேசையில் போய் உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாம்மா, குளிரும்."

"இங்கதானே உக்காருவாரு? வெளிச்சம் இல்லாம பேப்பர் படிக்க மாட்டாரே."

"ஆபீஸ்காரங்க... டிராஃபிக்ல மாட்டியிருப்பாங்க."

"பொய் சொல்லாதடி. உங்கப்பா மாதிரியே உனக்கும் காது சிவக்குது." ஐரிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "முன்னெல்லாம் நாலு பைன்ட் வாசனையோட, பாடிக்கிட்டே வருவாரு. அப்புறம் ஒரே பைன்ட் வாசனை. பாட்டு நின்னு போச்சு. எனக்கா தெரியாது?"

"தெரிஞ்சும் நீ கேக்கலியா?"

"எப்படிக் கேக்கறது? அவனுங்களை அத்தனை வருஷம் திட்டினவகிட்ட வந்து, இப்போ யாரும் வர்றதில்லைன்னு அவரு வாயால சொல்லணுமா?" அவள் பையின் பிடியை இறுக்கினாள். "ஒரு தடவை நானே போய்க் கூட உக்காரலாம்னு கிளம்பி, அந்தக் கதவு வரைக்கும் வந்தேன். வீம்பு. திரும்பிப் போயிட்டேன்."

பிரயனி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள்.

கதவு திறந்தது. சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு இளைஞன் உள்ளே வந்தான். பின்னாலேயே இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். பிறகு இருவர், மழைக் கோட்டோடு மூவர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர். பதினோரு பேர் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் கூட்டமாக நின்றார்கள்.

"மிஸஸ் ஆர்மராட்? நான் நதீம். கிளைவ் கூட வேலை பாக்கறேன். பாத்தேன்." அவன் தடுமாறினான். "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. லிங்க் முடிஞ்சதும்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். ஆளாளுக்கு ஒரு ஊர்ல இருக்கோம்."

"எதுக்குப்பா கூப்பிட்ட?"

"வியாழன் அஞ்சு மணியாச்சுன்னா அவர்கிட்டேர்ந்து மெசேஜ் வந்துடும். 'அஞ்சு மணி. வாத்துகள். வந்தா சந்தோஷம், வராட்டி கோபமில்ல.' ஒரு வாரம் தவறினதில்ல. நாங்க ஒருத்தரும் வந்ததுமில்ல. எனக்குக் குடிக்கிற பழக்கம் கிடையாது, கேரிஸுக்குக் குழந்தை..."

"'முடியாது'ன்னு போடுவேன்," என்றாள் குழந்தையோடு வந்தவள். "'சரி, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா?'ன்னு கேப்பாரு. இவன் நடுவுல புகுந்து கிண்டல் பண்ணுவான். ஒவ்வொருத்தரா வந்து சேருவாங்க. அப்படியே ஏழரை வரைக்கும் ஓடும். அவரு இங்கேர்ந்து, நாங்க எங்கெங்கேயோ இருந்து. 'வீட்டுல திட்டுவாங்க, விடுங்கடா'ன்னுதான் கடைசியில முடிப்பாரு."

"அட, அதான் போனைப் பாத்துப் பாத்துச் சிரிப்பாரா!" மேவிஸ் கவுன்டரில் தட்டினாள். "நான் குதிரை ரேஸுன்னுல்ல நினைச்சேன்!"

ஐரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிரயனிக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். பசங்க விடமாட்டேங்கறாங்க. மனிதர் பொய்யே சொல்லவில்லை!

"ரெண்டு வியாழனா அஞ்சு மணிக்கு ஒண்ணும் வரல," என்றான் நதீம். "எல்லாரும் போனையே பாத்துட்டிருந்தோம். இன்னிக்கு அதே வார்த்தைய நான் போட்டேன்."

மேசைகளை இழுத்துச் சேர்த்து உட்கார்ந்ததும் ஆளுக்கொரு போனை எடுத்து அவரவருக்கு ஆர்டர் போடப் பார்த்தார்கள்.

"போனை உள்ள வைங்க!" என்று மேவிஸ் அதட்டினாள். "இங்க ஒருத்தர் எழுந்து வந்து எல்லாருக்கும் கேட்டு வாங்கணும். கிளாஸ் காலியானா அடுத்தவங்க. இதுகூடவா கிளைவ் சொல்லித் தரல?"

நதீம் எழுந்து ஒவ்வொருவராகக் கேட்டு விரலில் எண்ணினான். எலுமிச்சை சோடா நாலு, போதையில்லாத பீர் மூன்று, இஞ்சி பீர் இரண்டு, டீ மூன்று, குழந்தைக்குப் பால்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ரவுண்டை நான் ஊத்தினதில்லப்பா," என்றாள் மேவிஸ்.

"உங்களுக்கு, மிஸஸ் ஆர்மராட்?"

"பத்து நிமிஷத்துல கிளம்பிடுவேன்." ஐரிஸ் தயங்கினாள். "சரி, அவரு குடிக்கிறதுல அரை கிளாஸ்."

சாண்ட்விச்சுகள் தீர்ந்தன. கிளைவ் போட்ட ஜோக்குகளைப் போனில் தேடித் தேடிப் படித்தார்கள். பாதி ஜோக்குகள் மகா மட்டம். அவற்றுக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். கிளாஸ்களும் காலியாயின. அப்போது பேச்சு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது யார், எப்படி ஆரம்பிப்பது, இல்லை இத்தோடு எழுந்து போய்விடுவதுதான் மரியாதையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் ஹெல்மெட்டைக்கூட எடுத்துவிட்டான்.

ஐரிஸ் எழுந்தாள். கிளம்புகிறாள் என்று நினைத்து பிரயனி தன் பையைத் தேடினாள். ஐரிஸ் கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நாலு சோடா சொன்னீங்கல்ல? கேரிஸ், பாப்பாவுக்கு மறுபடியும் பால்தானே?"

"நான் வாங்கிட்டு வரேன்மா," என்று பிரயனி எழப் போனாள்.

"உக்காருடி," என்றாள் ஐரிஸ், கவுன்டரை நோக்கி நடந்தபடியே. "இது என் முறை."

ஜன்னலோர நாற்காலியில் அவளுடைய கறுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.