பின்சீட்டில் யார்?

அப்பாவின் பழைய முதலாளி எங்கள் ஷெட்டுக்குள் நுழைந்தார். அதுவரை நாற்காலியில் சாய்ந்து கிடந்த அப்பா ஸ்பிரிங் மாதிரி எழுந்தார்.

"வாங்கய்யா, வாங்க வாங்க!" வண்டி துடைக்கிற துணியாலேயே நாற்காலியைத் துடைத்தார்.

பிஸ்கட் ஃபேக்டரி ஓடிய காலம் முழுக்க அப்பாதான் அவருக்கு டிரைவர். 'வண்டிய நிழல்ல போட்டுட்டு இரு, கூப்பிடறேன்.' அப்பா வாழ்க்கையில் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்ததும் ஃபேக்டரி மூடிப்போனது. அப்பா ஓட்டை கார் ஒன்றைப் பிடித்து வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தார். இப்போது மூன்று வண்டி, சொந்த ஷெட், ஃபோனில் சண்டை போட நான். முதலாளியிடம் அதே வெள்ளைச் சட்டை. காலரை மட்டும் திருப்பித் தைத்திருந்தார்.

"உன்கிட்ட டிரைவர் வேலை இருக்காமே. எனக்குக் குடேன். வீட்ல எவ்ளோ நேரம்தான் சுவத்தப் பாத்துட்டு உக்கார்றது?"

"ஐயா, நீங்க போயி..." அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கலங்கவில்லை. இருக்காமே என்றால், யார் சொன்னது? ஒரு டிரைவர் குறைகிற விஷயம் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஆட்களை ஏற்றி இறக்க எங்களோடு கான்ட்ராக்ட் பேசிக்கொண்டிருந்த கம்பெனியின் மேனேஜர். அது கிடைக்காவிட்டால் புதிதாகக் கடனில் வாங்கின வண்டி போய்விடும். 'ஓனரையே நேர்ல பாக்கணும்' என்று அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்.

"யார் சார் சொன்னாங்க, வேலை இருக்குன்னு?"

"காத்து வாக்குல வந்துச்சு பாப்பா."

"காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிச்சுது?"

அவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வாய் உன்னோடது இல்லியே!"

"அவங்கம்மாவோடதுங்க," என்று அப்பா வழிந்தார்.

"சரி வா, ஓட்டிக் காட்டறேன்."

வெளியே வந்தோம். அவர் ஸ்டியரிங் பக்கம் போகவே இல்லை. நேராகப் பின்கதவருகே போய் நின்றார். அப்பா ஓடிப்போய்த் திறந்தார். அவர் உட்கார்ந்தார். அப்பா சாத்திவிட்டு வந்து, நான் முன்னால் ஏறியதும் வண்டியை எடுத்தார். பழக்கதோஷம் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"அந்தக் கம்பெனிக்கே விடு," பின்னாலிருந்து குரல் வந்தது. "மேனேஜர் எனக்கு ரொம்ப வேண்டியவன். நானும் ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. காற்று அடித்த பக்கம் தெரிந்துவிட்டது.

"அப்பா, ஓரங்கட்டுங்க. டயர்ல ஏதோ சத்தம்."

டிக்கிக்குப் பின்னால் அப்பாவை இழுத்துப் போனேன். "வேலை கேட்டு வந்தவரு எங்க உக்காந்திருக்காரு பாத்தீங்களா?"

"பாவம்மா, பழக்கம்."

"இப்படியே கம்பெனி கேட்டுக்குள்ள போனா, அந்த மேனேஜர் யாரை ஓனர்னு நினைப்பாரு?"

"அவரு அப்படிப்பட்டவரு இல்லம்மா."

"இல்லேன்னா இடம் மாறச் சொல்லுங்க. என்ன கொறஞ்சிடப் போகுது?"

அப்பா நல்லாயிருந்த டயரையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் போய்ப் பின்கதவைத் திறந்தார். "ஐயா... ஓட்டிக் காட்டறேன்னீங்களே."

முதலாளி உதட்டால் மட்டும் சிரித்தார். இறங்கிப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பல் பிடுங்க வந்தவர் மாதிரி அப்பா பின்சீட்டில் முழங்காலை ஒட்டி வைத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலதுகால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் நன்றாகத்தான் ஓட்டினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மேனேஜர் வாசல் படியிலேயே நின்றிருந்தார். வண்டி நின்றதும் அப்பா குதித்து இறங்கினார். முன்பக்கம் சுற்றி ஓடி, முதலாளியின் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். முதலாளி உள்ளே அசையாமல், கதவு திறக்கட்டும் என்று காத்திருந்தார்.

அப்பாவின் கை பிடியிலேயே நின்றது. பிறகு மெல்ல விலகி, விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டியது. கண்ணாடி இறங்கியது.

"வண்டிய நிழல்ல போட்டுட்டு இருங்கய்யா. கூப்பிடறேன்."

'ஐயா'வில் குரல் நடுங்கியது. மற்றதில் இல்லை.

மேனேஜர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப ஓனர் நீங்களா? வண்டியெல்லாம் தன்னோடது, நீங்க பாத்துக்கிறீங்கன்னுல்ல அவரு சொன்னாரு?"

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. "அவரு வேலை கேட்டு வந்திருக்காரு சார்," என்றேன்.

அப்பா கையை நீட்டினார். மேனேஜர் குலுக்கினார். ரெண்டு பேரும் உள்ளே போனார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். மரத்தடி காலியாகத்தான் இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே, கொளுத்துகிற வெயிலில் நின்றது. அவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியின் மாற்றுச் சாவி பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு படியேறினேன்.