இரவல் குரலில் ஒரு சத்தியம்

காயத்ரிக்கு வாய்தான் பிழைப்பு. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடும்போது, கைலாசத்தின் மகள் மட்டும் வாயை மூலதனமாகப் போட்டாள். பட்டுக்கடை ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கியில் ‘ஆடித் தள்ளுபடி’ என்று அலறியது அவள்தான். திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொன்னதும், சீரியல் மாமியாருக்கு டப்பிங் கொடுத்து மருமகளைத் திட்டித் தீர்த்ததும், ஏதோ ஒரு கம்பெனி போனில் ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று குழைந்ததும் அவளேதான்.

சனி ஞாயிறு ஆனால் சென்னையில் மேடை. அங்கே எழுதி வைத்த வசனமே கிடையாது. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு வார்த்தையை வீசுவார்கள், அதை வைத்து அந்த நிமிஷமே நாடகம் போடவேண்டும். அதற்கு ஒரே சட்டம்: எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் ‘இல்லை’ என்று மறுக்கக்கூடாது, வாங்கிக்கொண்டு மேலே போகவேண்டும். இவ்வளவு இருந்தும் தெருப் பிள்ளைகளுக்கு அவள் வெறும் மினிதான். மினி ஒரு கார்ட்டூன் மின்மினிப் பூச்சி. ‘டிக் டிக் டின்! மினி வந்தாச்சு!’ என்று காயத்ரி குரல் கொடுத்தால் டிவியில் அதன் வாலில் விளக்கு எரியும்.

அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டுக் கை அலம்பும்போது பக்கத்துப் போர்ஷனிலிருந்து துர்காவின் அலறல் கேட்டது. அடித்துப்பிடித்து ஓடினாள். துர்கா வாசலில் நிற்கிறாள், நாலு வயது ஜீவிதா உள்ளே இருக்கிறாள், கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். தெருக்குழாயில் ஒரு குடம் பிடித்து வருவதற்குள் அந்தப் பொடிசு கீழ்த்தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஜன்னல் வழியாக ஒரு வாடை வந்தது. கேஸ் வாடை!

“அடுப்புல பால் வெச்சிருந்தேன்கா. பொங்கி, நெருப்பு அணைஞ்சிருக்கும்போல. கேஸ் வந்துக்கினே இருக்குதுக்கா!” என்றாள் துர்கா. கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை அடைத்துப் போயிருந்தது.

காயத்ரி ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்த்தாள். கூடத்தின் அந்தக் கோடியில், சமையலறை வாசலில், ஜீவிதா நின்றுகொண்டிருந்தாள். கையில் அடுப்பு பற்றவைக்கும் லைட்டர். அதை முதுகுக்குப் பின்னால் மினியின் வால் மாதிரி நீட்டிப் பிடித்திருந்தாள். காலடியில் துர்காவின் துணிப்பை இருந்தது.

பை சமாச்சாரம் தெருவுக்கே தெரியும். புருஷன் செத்த பிறகு துர்கா அலையாத இடமில்லை. கடைசியில் ஒரகடம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலில் தங்கவேண்டும், பிள்ளையை முசரவாக்கத்தில் அக்கா வீட்டில் விடவேண்டும். கம்பெனி வேன் இன்றைக்குத்தான் வருகிறது. பை உள்ளே மாட்டிக்கொண்டால் அம்மா எப்படிப் போவாள்? ஜீவிதாவின் கணக்கு அவ்வளவுதான்.

கைலாசம் கடப்பாரையோடு ஓடிவந்தார். “தள்ளிக்கோங்கம்மா, நெம்பிடறேன்.”

“வேணாம்பா! இரும்புல இரும்பு பட்டுப் பொறி பறந்தா இன்னா ஆகறது? கரண்டு மெயினையாவது நிறுத்த முடியாதா?”

“அதுவும் உள்ளதாம்மா இருக்குது. ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணிட்டேன். பெரிய தெருவுல சாமி புறப்பாடு. வண்டி எப்ப வந்து சேருமோ!”

“லைட்டரைக் கீழ போடுடி பாவி!” என்று துர்கா மறுபடி கத்தினாள்.

“போடமாட்டேன் போ!” என்று ஜீவிதா இன்னும் ஓரடி பின்னால், அடுப்புப் பக்கம் போனாள்.

காயத்ரி துர்காவின் வாயைப் பொத்தினாள். ஜன்னலுக்கு இரண்டு கதவு, ஒன்று திறந்திருந்தது. துர்காவைத் திறந்த பக்கம் நிறுத்திவிட்டு, தான் மூடியிருந்த கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இடுக்கு வழியாகக் கண்ணை வைத்தாள். பிள்ளை அம்மா பேச்சைக் கேட்காது, மினி பேச்சைக் கேட்கும்.

இங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். குரலை விற்றுப் பிழைக்கிறவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. வருஷக்கணக்காக மினி வாயைத் திறந்தால் முதலில் வருவது ஒரே வசனம்தான். யோசிக்கவே வேண்டாம், நாக்கே சொல்லிவிடும்.

“டிக் டிக் டின்! மினி வந்தாச்சு!”

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்! உள்ளே ஜீவிதாவின் முகம் மலர்ந்தது. வால் விளக்கை எரியவைக்க லைட்டரை முன்னால் கொண்டுவந்து, பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பழைய லைட்டர், பொத்தான் இறங்கவில்லை. இன்னொரு கையையும் சேர்த்துக்கொண்டாள்.

‘வேண்டாம்’ என்ற சொல் காயத்ரியின் தொண்டை வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் பிள்ளை வீம்புக்கென்றே அழுத்தும். பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“ஷ்ஷ்! மெதுவா, மெதுவா!” என்றாள் மினியின் குரலில். “உனக்கும் வால் இருக்குதா? அப்ப நீயும் மினியா?”

விரல் நின்றது. “ஆமா. நான்தான் மினி.”

“ஐ! ரெண்டு மினி! ஆனா உன் விளக்கு தூங்கிக்கினு இருக்குது பாரு. நாமெல்லாம் பகல்லதானே தூங்குவோம்? டிக்குனு எழுப்புனா அது அழும்.”

ஜீவிதா லைட்டரை உற்றுப் பார்த்தாள். விரல் பொத்தானை விட்டு விலகியது. “தூங்குதா?”

“குறட்டை விடுது, கேக்கலையா? தோள்ல போட்டுக்கினு ஜன்னல்கிட்ட வா. தாலாட்டுப் பாடலாம்.”

பிள்ளை லைட்டரைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபடி நடந்தது. கூடத்தின் பாதி வந்ததும் சட்டென்று நின்று பையைத் திரும்பிப் பார்த்தது. “வரமாட்டேன். கதவைத் தொறந்தா அம்மா பையை எடுத்துக்கினு போய்டும்.”

வாடை ஏறிக்கொண்டே இருந்தது. கைலாசம் கடப்பாரையைக் கீழே வைக்கக்கூடப் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“போய்டும்தான்,” என்றாள் மினி, மறுக்கக்கூடாது என்ற மேடைச் சட்டப்படி. “அப்ப அம்மாவையே கேட்டுடலாமா?”

ஜீவிதா துர்காவை நேராகப் பார்த்தாள். “ம்மா, நீ போவியா?”

துர்கா வாயைத் திறந்தாள். சத்தமே வரவில்லை.

“என் தலைல கை வெச்சு சொல்லு.”

ஐயோ, இந்தப் பொடிசு இதை எங்கிருந்து கற்றுக்கொண்டது! பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் பிள்ளைக்கே ஆகாது என்று பயப்படாத தாய் இந்த ஊரில் கிடையாது. அதற்குள் ஜீவிதா ஓடிவந்து ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிட்டாள். லைட்டரை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தாள், விரல் மறுபடி பொத்தான்மேல் இருந்தது. துர்கா கம்பிக்குள் கையை விட்டாள். மகளின் தலையில் வைத்தாள்.

துர்காவின் உதடு அசைந்தது. காயத்ரிக்கு உதட்டைப் படிப்பது தொழில். எத்தனை சீரியல், எத்தனை வாய்! துர்கா சொன்னது தெளிவாகவே தெரிந்தது: ‘போயிட்டு வந்துடறேன்டி.’

இதைச் சொன்னால் கதவு திறக்காது. காயத்ரி அதற்குமேல் யோசிக்கவில்லை. துர்காவின் குரலை, அந்தக் கட்டிப்போன தொண்டையோடு சேர்த்து எடுத்து, துர்காவின் உதட்டசைவிலேயே வைத்தாள்.

“போகமாட்டேன்டி கண்ணு. சத்தியமா போகமாட்டேன்.”

துர்காவின் உதடு அப்படியே நின்றுவிட்டது. கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.

ஜீவிதா கொஞ்ச நேரம் அம்மா முகத்தையே பார்த்தாள். பிறகு லைட்டரைக் கம்பி வழியாக நீட்டி, “எழுப்பிடாதே,” என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் போய்க் குந்தினாள். தாழ்ப்பாள் இழுபட்டது. கதவு திறந்த மறுநொடி கைலாசம் பிள்ளையை வாரி மகளிடம் எறியாத குறையாகக் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி சிலிண்டரை மூடினார்.

வாசலில் கூடிவிட்ட தெருவே மூச்சு விட்டது. ஆளாளுக்கு காயத்ரியைப் புகழ்ந்தார்கள். “வாயா அது! கோயில் கட்டலாம்மா உனக்கு!” என்றாள் எதிர்வீட்டு ஜெயம்மாள். காயத்ரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்தில் துர்கா வந்து உட்கார்ந்தாள். ஜீவிதா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பி ஓய்ந்திருந்தாள்.

“நான் அதைச் சொல்லலக்கா,” என்றாள் துர்கா, காற்றாக.

“தெரியும்.”

“போயிட்டு வந்துடறேன்னுதான் சொன்னேன்.”

“தெரியும் துர்கா. எனக்கு வேற வழி தெரியல. என்னை மன்னிச்சிடு.”

“கை என்னுது, குரல் உன்னுது. சத்தியம் யாருதுக்கா?”

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஜீவிதா நிமிர்ந்து, “ம்மா, வேன். நீதான் போகமாட்டேன்னியே,” என்றாள்.

துர்கா மகளின் தலையில் கை வைத்தாள். ஜன்னல் கம்பிக்குள் நீட்டிய அதே கை.

“ஆமாடி,” என்றாள். “நான்தான் சொன்னேன்.” அப்புறம் பிள்ளையின் தலைக்கு மேலாகக் காயத்ரியைப் பார்த்தாள். “நீயே போய் அந்த டிரைவர்கிட்ட சொல்லுக்கா. என் குரல்லயே சொல்லு. அதான் உனக்கு நல்லா வருதே.”

காயத்ரி எழுந்து போனாள். இந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறது, அது போதாதா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். போதவில்லை. நாளைக்கு அந்த வீட்டில் அடுப்பு எதை வைத்து எரியும்?

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். “துர்காங்கிறது நீங்களாம்மா? ஏறுங்க, லேட் ஆவுது.”

துர்காவின் குரலை எடுக்கத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை.

“துர்கா வரமாட்டாப்பா.”

“ஏன்? நீங்க யாரு?”

“நான்தாம்பா சத்தியம் பண்ணவ,” என்றாள் காயத்ரி.

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தான்.