ஷகிலாவின் சத்தமில்லாத பெட்டி

1.

இது என் கதையில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1988இல் தர்மபுரியில் ஷகிலா அக்காவிடம் கம்ப்யூட்டர் படித்தவர்களில் நானும் ஒருத்தி. பல வருஷம் கழித்து அவர் சொன்னது இது. "எழுதிக்கோ. ஆனா எங்க வூட்டுக்காரரப் பாவம்னு எழுதிடாத."

முதல் வரியை மூன்று முறை எழுதி அடித்தேன். அதில் ஒன்று: 'அந்தப் பெட்டியின் இரைச்சல், ஏதோ ஒரு...' ஏதோ ஒரு என்ன? உவமை வேண்டாம். இரைச்சல், அவ்வளவுதான்.

2.

ஷகிலா வீட்டு முன்னறையின் ஒரு பக்கம் அவர் கணவர் கவுஸ் பாஷாவின் ரேடியோ ரிப்பேர் மேசை. மறுபக்கம், ஷகிலா பெங்களூரில் பாகம் பாகமாக வாங்கிவந்து ஒன்றுசேர்த்த கம்ப்யூட்டர்.

அந்த வருஷம் ரிப்பேர் செய்து கொடுத்த ரேடியோக்கள் திரும்பி வர ஆரம்பித்தன. மாரண்டஹள்ளி பெரியண்ணன் ஒரே ரேடியோவை இரண்டாம் தடவை கொண்டுவந்தார்.

"பாட்டுக்கு அடியில கொர்ருனு இரையுதுங்க பாய்."

அவர் போனதும் கவுஸ் பாஷா கம்ப்யூட்டரைக் காட்டினார். "உன் பொட்டி போடுற சத்தத்துல ரேடியோ இரையறது எனக்கு எங்க கேக்கும்?"

ஷகிலா மறுநாளே பெங்களூர் பஸ் ஏறினார்.

3.

கடையில் கம்ப்யூட்டருக்கான இரண்டு கேபினட். ஒன்று மெல்லிய தகடு, அழகாக இருந்தது, தட்டினால் அதிர்ந்தது. மற்றது பழசு, கனம். தட்டினால் 'தொம்' என்று அடங்கியது. கனமானதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தார்.

உள்ளே கம்பளி ஒட்டி எல்லாத் துளையையும் மூடினார். சத்தம் போயிற்று, அரை மணியில் சூடேறி கம்ப்யூட்டரும் நின்றது. கம்பளியைப் பிய்த்துப் பின்பக்கம் பெரிதாகத் திறந்துவிட்டார். கடைசியில் சைக்கிள் டியூபை வட்டவட்டமாக வெட்டி, ஃபேனின் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் அடியில் வைத்தார். இருபது நாள் ஆயிற்று. தெருவில் போகிற சைக்கிள் மணி உள்ளே கேட்டது.

4.

(இங்கே எனக்கு ஷகிலாமேல் சந்தேகம். அந்த இருபது நாளில் கணவரைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? கேட்டேன். "ஸ்குரூ முடுக்கிட்டிருந்தேன்டி" என்றார். அது பதிலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.)

5.

பெரியண்ணன் மூன்றாம் தடவை வந்தார். கவுஸ் பாஷா ரேடியோவைச் சரிபார்த்து, பாட்டு வைத்துக் கேட்டார்.

"இப்ப சுத்தமா இருக்கு பாருங்க."

பெரியண்ணன் ஷகிலாவைப் பார்த்தார். ரேடியோ கொர்ரென்று இரைந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வாங்கண்ணா," என்றார் ஷகிலா. பெரியண்ணன் போனபின் மெதுவாகச் சொன்னார்: "ஏங்க, இரையுதுங்க."

"உன் பொட்டியா?"

"அது ஓடவே இல்லீங்க."

கவுஸ் பாஷா ரேடியோவின் பின்மூடியைக் கழற்றி, ஸ்பீக்கர் அட்டைமேல் இரண்டு விரலை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு கண்டன்சரை மாற்றினார். மறுபடி விரலை வைத்தார். இரைச்சல் நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தன நாளா உனக்குத் தெரியும்?"

6.

ஷகிலா என்ன சொன்னார் என்பதை எனக்குச் சொல்லவில்லை. 'இன்னைக்குத்தாங்க' என்று எழுதிப் பார்த்தேன்; பொய்யாகப் பட்டது. 'ரொம்ப நாளா...' என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் கவுஸ் பாஷாவின் முகத்துக்கு நேராகத் திரும்பி, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.