மேசைக்கு அந்தப் பக்கம்

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடம் ஒன்றில் மரியதாசன் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டுகள் அங்கிருந்து வானத்துக்குப் போகும். பயணிகள் குறைந்த நாட்களில், மூடி திறக்காத தட்டுகள் நூற்றுக்கணக்கில் மிஞ்சும். அவற்றைக் கறுப்புப் பைகளில் கொட்டி இறுக்கிக் கட்டுவதும் அவருடைய வேலைதான். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோய்ப் பிடிபட்டால் வேலை போய்விடும். கோழியையும் சோற்றையும் வெண்ணெய்க் கட்டிகளையும் குப்பையில் கொட்டிவிட்டு, திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்து முட்டையின் விலையைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, முட்டை வாங்காமல் வீட்டுக்குப் போவார்.

ஊருக்குத் தெரிந்த வரையில் அவர் வசதியான மனிதர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்த வீடு. வீட்டின் பெறுமதி வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேலாகிவிட்டது என்று நகரசபை கடிதம் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தின்படி அவர் பணக்காரர். ஆகவே வரியும் கூடியிருந்தது. அடுத்த கிழமை வங்கியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. வீட்டுக் கடனின் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்துவிட்டதாகவும், புது வட்டியில் மாதத் தவணை எழுநூறு டொலர் கூடுகிறதென்றும், தங்களுடன் தொடர்ந்து இருப்பதற்கு நன்றி என்றும் அதில் எழுதியிருந்தது.

மனைவி அக்னெஸ் ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைப்பவர். அங்கேயும் செலவைக் குறைக்கிறார்கள் என்று ஐந்து நாள் வேலையை மூன்று நாளாக்கிவிட்டார்கள். அக்னெஸ் மன்னார்க்காரி. மீன் இல்லாமல் ஒரு கிழமை போனதில்லை. இப்போது மீன்கடையில் தலையை மட்டும் வாங்கி, "தலையிலைதானே ருசி" என்று மகள் ஷெரோனுக்குச் சொல்லிச் சமைத்தார். பிறகு தலைக்கும் விலை ஏறியது.

ஒரு வியாழக்கிழமை, கோப்பை கழுவிக்கொண்டே அக்னெஸ்தான் பேச்சைத் தொடங்கினார்.

"சென்ட்-ஆனிலை ஒரு இடம் இருக்குதாம். சனிக்கிழமையிலை சாப்பாட்டுச் சாமான் சும்மா குடுக்கினமாம். கார்டரிக்கு வாற ஒரு தாய் சொன்னவ."

"ஆர் குடுக்கினம்?"

"ஆரோ குடுக்கினம். ஆர் எண்டு தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

"வீடு வைச்சிருக்கிற ஆள் போய் வரிசையிலை நிக்கிறதோ?"

"வீட்டை அவிச்சுச் சாப்பிடேலாது" என்றார் அக்னெஸ்.

மரியதாசன் அதற்குமேல் வாதாடவில்லை. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ, அவர்கள் வாழும் தீவின் மேற்கு முனையில் இருக்கிறது. மாணவர்கள்தான் அதிகம். தமிழர்கள் அந்தப் பக்கம் போக ஒரு காரணமும் இல்லை. அது ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலை குளிர்த்தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு போனார். பழைய மண்டபம் ஒன்றின் நிலக்கீழ் அறை. வாசலில் இலக்கத் துண்டு கொடுத்தார்கள். அவருக்கு இருபத்துமூன்று. சுவரோரமாகப் போட்டிருந்த கதிரைகளில் மாணவர்களும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், நல்ல மேலங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் இருந்தார்கள். ஒரு கதிரை காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்.

அருமைநாதன்.

அருமைநாதன் அவருடைய தெருவில், ஐந்து வீடு தள்ளி இருப்பவர். இரண்டு பேரும் ஒரே கோடையில் வீடு வாங்கியவர்கள். மரியதாசன் முன்கதவை மாற்றினால், அடுத்த வருடம் அருமைநாதன் கார் நிறுத்தும் இடத்துக்குக் கல் பதிப்பார். செய்ன்ட்-ரெஜி தெரு முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அகப்பை பிடிப்பவர் அவர்தான். போதும் என்று கைகாட்டினாலும் இன்னொரு அகப்பை வைக்காமல் விடமாட்டார். லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓய்வில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தாசன், நீர் எங்கை இஞ்சாலை?" என்று அருமைநாதன் கேட்டார்.

மரியதாசனுக்கு வாயில் வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"சும்மா, பெனெவோலா வந்தனான் அண்ணை."

சம்பளம் வாங்காமல் தொண்டு செய்கிறவரை இங்கே பிரெஞ்சில் பெனெவோல் என்பார்கள்.

"நானும் அதுக்குத்தான்" என்றார் அருமைநாதன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இலக்கத் துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்தார்கள். அந்த வழியாகப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போன பெண் நின்றாள். ஜினெட் என்று பெயர், அந்த இடத்துக்குப் பொறுப்பானவள். அவர்களுடைய பேச்சில் அவளுக்கு விளங்கிய சொல் அது ஒன்றுதான்.

"பெனெவோல்?" என்று கேட்டு முகம் மலர்ந்தாள். மூன்று கிழமையாக ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறாளாம். மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி இருவரின் கையையும் பிடித்துக் குலுக்கி, ஆளுக்கொரு பச்சை ஏப்ரனைக் கொண்டுவந்து தந்தாள். மரியதாசனை உருளைக்கிழங்கு மேசைக்கும் அருமைநாதனைப் பாண் மேசைக்கும் அனுப்பினாள்.

அன்று மூன்று மணித்தியாலம் மரியதாசன் உருளைக்கிழங்கு நிறுத்துக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் நன்றி சொன்னார்கள். முடிவில் ஜினெட், மிஞ்சியதைத் தொண்டர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்றாள். முட்டையும் பாலும் கோழியும் எப்போதோ முடிந்திருந்தன. மிஞ்சியிருந்தது பீற்றூட்டும் நெளிந்த அவரைக்காய் டின்களும்தான்.

"வீணாப் போகப் போகுது" என்றார் அருமைநாதன், யாரும் கேட்காமலே.

"ஓம் அண்ணை. எறியிறதிலும் பாக்க நாங்கள் கொண்டுபோறது நல்லது."

ஆளுக்கொரு பையை நிரப்பிக்கொண்டு, ஒரே தெருவுக்கு இரண்டு காரில் போனார்கள்.

இப்படியே ஐந்து மாதம் ஓடியது. வரிசையில் நின்றிருந்தால் முட்டை கிடைத்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் ஏப்ரனைக் கழற்றாமல் மற்றவர் எப்படிக் கழற்றுவது? அக்னெஸ் பீற்றூட்டில் கறி வைத்தார், வறை வைத்தார், சம்பல் போட்டார். ஷெரோன் கோப்பையைப் பார்த்து, "பப்பா, நாங்கள் வேற நிறத்திலை ஒண்டும் சாப்பிட மாட்டமா?" என்று கேட்டாள்.

இதற்கிடையில் பெயர் பரவியது. அருமைநாதன் கோயிலில் சொன்னாரோ, அக்னெஸ் தேவாலயத்தில் சொன்னாரோ தெரியாது. மரியதாசன் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழைகளுக்குத் தொண்டு செய்கிறாராம் என்று தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் முழுக்க அறிந்துவிட்டது. பாதர் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவரைக் குறிப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லம்மா அக்கா இரண்டு மூட்டை அரிசியை அவருடைய காரில் ஏற்றிவிட்டு, "அதுகளுக்குக் குடும்" என்றார். வீட்டில் அரிசிக்கே தட்டுப்பாடாக இருந்த கிழமை அது. மரியதாசன் இரண்டு மூட்டையையும் அப்படியே கொண்டுபோய் ஜினெட்டிடம் இறக்கினார். ஒரு மூட்டையை வீட்டில் இறக்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. தெருமுனையில் காரை நிறுத்தி, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் போனார்.

மாசி மாதத்தில் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. தொண்டர்கள் பை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்த யாரோ முறைப்பாடு எழுதியிருந்தார்கள். இனிமேல் தொண்டர்கள் எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது. தேவையுள்ளவர்கள் மற்றவர்களைப் போலப் பதிவுசெய்து, இலக்கம் எடுத்து, வரிசையில் வர வேண்டும். ஜினெட் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, உங்களைப் போன்றவர்களுக்கு இது பொருந்தாது, எனக்குத் தெரியும் என்று மரியதாசனைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தாள்.

அன்று அவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"அப்ப பதிஞ்சுபோட்டு வரிசையிலை நில்லுங்கோவன்" என்றார் அக்னெஸ்.

"அருமை அண்ணை பாத்துக்கொண்டு நிப்பார்."

"அவர் உங்களுக்குச் சமைச்சுத் தாறாரோ?"

அடுத்த சனிக்கிழமை மரியதாசன் போய் வழமைபோல ஏப்ரனைக் கட்டினார். முட்டை மேசைக்கு ஆள் வரவில்லை என்று ஜினெட் அவரை அங்கே நிறுத்தினாள். ஒன்பது மணிக்கு அருமைநாதன் வந்தார். ஏப்ரன் தொங்கும் பக்கம் போகவில்லை. வாசலில் பெயர் கொடுத்து, இலக்கத் துண்டை வாங்கி, கதிரையில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

அவருடைய முறை வந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வியை இவரிடமும் கேட்க வேண்டியிருந்தது.

"வீட்டிலை எத்தினை பேர் அண்ணை?"

அது மரியதாசனுக்குத் தெரியாததல்ல.

"ரெண்டு பேர். நானும் மனுசியும்." அருமைநாதன் அலுவலக அதிகாரிக்குச் சொல்வது போலச் சொன்னார்.

மரியதாசன் ஒரு பெட்டி முட்டையை அவருடைய பைக்குள் வைத்தார். கை தானாகப் போய் இன்னொரு பெட்டியையும் எடுத்து வைத்தது. அருமைநாதன் அந்த இரண்டாவது பெட்டியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார்.

"ரெண்டு பேருக்கு ஒண்டுதான். எழுதிக் கிடக்கு."

"அண்ணை, நீங்கள் முதல் நாளும் இதுக்குத்தானோ வந்தனீங்கள்?"

"பின்னை? நீர்?"

மரியதாசன் இரண்டாவது பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தார். பின்னால் கையைக் கொண்டுபோய் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். அது இறுகிப் போயிருந்தது. அருமைநாதன் மேசையைச் சுற்றி வந்து அதை அவிழ்த்துவிட்டார். ஏப்ரனை மடித்து முட்டைப் பெட்டிகளின் மேல் வைத்துவிட்டு, மரியதாசன் வாசலுக்குப் போய் இலக்கம் எடுத்தார்.

ஜினெட் என்ன நடக்கிறதென்று விளங்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது பால் மேசையில் இருந்த ஹெயிட்டிப் பெண்மணியும் ஏப்ரனைக் கழற்றினார். பாண் மேசைக்குப் புதிதாக வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானும் கழற்றினார். ஏப்ரன் கட்டியிருந்த ஐந்து பேரில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருத்தி ஜினெட். நாற்பது பேர் பையோடு காத்துக்கொண்டிருந்தார்கள். கொடுக்க ஆள் இல்லை.

ஜினெட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கதிரைகளைப் பார்த்து, யாராவது உதவ முடியுமா என்று கேட்டாள். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் இலக்கத் துண்டை வாயில் கவ்விக்கொண்டு எழும்பி வந்து ஏப்ரன் கட்டினார்கள். வேலை முன்பைவிடக் கெதியாக நடந்தது. அறிவித்தலை அவள் அன்றைக்கே கிழித்துவிட்டாள்.

அருமைநாதன் போகவில்லை. பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு மரியதாசனுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"எப்ப துவங்கினது?" என்று கேட்டார்.

"தவணை கூடின மாசம்."

"எனக்கு முழங்காலோடை. ஆறு மாசத்துக்குத்தான் காசு தந்தவங்கள்." பையைக் காலோடு நெருக்கிக்கொண்டார். "அந்த முன்கதவு?"

"கடன் அண்ணை."

"உந்தக் கதவைப் பாத்துத்தான் நான் கல் பதிச்சனான்" என்றார் அருமைநாதன். "அதுவும் கடன்."

மரியதாசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்றார், முடியவில்லை. இருவரும் தோள் குலுங்கச் சிரிப்பதை, முன்னால் இருந்த குழந்தை வாயில் விரலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு முட்டையும் பாலும் ஒரு கோழியும் போயின. அக்னெஸ் கோழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நாளும் மரியாதையாப் பட்டினி கிடந்திருக்கிறம்" என்று சொல்லிவிட்டு, வெங்காயம் வெட்டப் போனார்.

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்து, பாதர் மரியதாசனை மண்டபத்துக்குள் கூப்பிட்டார். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சனத்துக்கு நடுவில், பங்கின் சார்பில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாக அறிவித்தார்.

"வேண்டாம் பாதர்," என்றார் மரியதாசன். "நான் அங்கை குடுக்கப் போறேல்லை. வாங்கப் போறனான். முதல் நாளும் வாங்கத்தான் போனனான். வெக்கத்திலை மாறிச் சொல்லிப்போட்டன்."

பாதர் கையில் பொன்னாடையோடு நின்றார். ஒரு தாய் தன் பிள்ளையை அதட்டுவது போலப் பாவனை செய்தார். அக்னெஸ் வந்து கணவருடைய கையிலிருந்த வெறுங்கோப்பையை வாங்கி, தேத்தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். மரியதாசன் அதை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் முதலில் கிறகரி வந்தான். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன், போன வருடம்தான் புதுக் கார் எடுத்தவன். "அந்த இடம் எத்தினை மணிக்குத் திறக்கிறது? எனக்கில்லை, தெரிஞ்ச ஒரு பொடியனுக்கு" என்றான். மரியதாசன் நேரத்தைச் சொன்னார். அவன் போன பிறகு திரேசம்மா, தன்னுடைய சிநேகிதி ஒருத்திக்காகக் கேட்டார். என்னென்ன கடதாசி கொண்டுபோக வேணும் என்று சிநேகிதிக்கு அறிய வேணுமாம். அவருக்கும் சொன்னார்.

காரை எடுத்துவிட்டார். நல்லம்மா அக்கா கையைக் காட்டி மறித்தார். அக்னெஸ் கண்ணாடியை இறக்கினார். அக்கா குனிந்து, காருக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பின் இருக்கையையும் பார்த்துக்கொண்டார்.

"தாசன், அங்கை கார் விட இடம் இருக்கோ?"

"இருக்கு அக்கா," என்றார் மரியதாசன். "பின்பக்கமா விட்டால் ரோட்டுக்குத் தெரியாது."