ஆட்சேபம் சொல்ல ஒரு ஆள்

“மேடம், இன்னைக்கு சபையில நீங்க எழுந்து ‘எனக்கு ஆட்சேபம் இருக்கு’ன்னு சொல்லணும்.”

அமெரிக்க செனட் சபையில், செனட்டர்கள் மட்டும் ஏறும் லிஃப்ட் வாசலில் தன் செனட்டரை நிறுத்தி, அலுவலக உதவியாளர் டெஸ்ஸா ஸ்டில்ட்னர் இப்படிக் கேட்டுக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அலுவலகத் தலைவர் விட்மன் விரலை நீட்டிச் சொல்லியிருந்தார்: “எதை வேணா கேளு. நம்ம கட்சித் தலைவரை சபையில வச்சு எதிர்க்கச் சொல்லி மட்டும் செனட்டர்கிட்ட கேட்டுடாத. கேட்ட அன்னைக்கே பெட்டியைக் கட்டிடலாம்.”

செனட்டர் அகஸ்டா ப்ரூயிட் கைப்பையைத் தோள் மாற்றினார். மலை மாவட்டங்களின் ஓட்டில் மூன்றாவது முறையாக வாஷிங்டன் வந்தவர்.

“எதுக்கு ஆட்சேபம்?”

“நாலு மணிக்கு நம்ம தலைவர் கொண்டு வர்ற செலவு மசோதாவுக்கு. இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல, கிராமத்து ஆம்புலன்சுக்கு வாஷிங்டன் குடுக்கிற பணத்தை மொத்தமா எடுத்துட்டாங்க.”

“என்கிட்ட யாரும் சொல்லலையே.”

“செவ்வாய்க்கிழமை எல்லா ஆபீசுக்கும் மெயில் வந்துச்சு, மேடம். அஞ்சு மணிக்குள்ள வேண்டாம்னு சொல்லாதவங்க எல்லாரும் சம்மதம்னு அர்த்தம். விட்மன் சார் வாயே திறக்கல. அதனால நீங்க சம்மதிச்சிட்டீங்க.”

வியாழக்கிழமை மாலை என்றால் எல்லோருக்கும் விமானம் பிடிக்கிற அவசரம். ஓட்டெடுப்பு கிடையாது. “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்பார்கள், காலி நாற்காலிகள் என்ன பதில் சொல்லும்? மசோதா நிறைவேறிவிடும். நூறு செனட்டர்களில் ஒருவர் மறுத்தால் போதும், அங்கேயே நின்றுவிடும். ஆனால் அந்த ஒருவரைக் கட்சித் தலைவர் லேசில் மறக்க மாட்டார்.

டெஸ்ஸாவின் ஊர் பிளாக்ஃபோர்க். அந்த மாவட்டத்துக்கே இரண்டு ஆம்புலன்ஸ். ஆஸ்பத்திரியை மூடி நாலு வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது ஐம்பத்தெட்டு மைல் தள்ளி. பணம் நின்றால் ஒரு வண்டி நிற்கும். இரண்டு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வந்தால், எந்த வீட்டு ஆளைச் சாகவிடுவது என்று சீட்டுக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும்.

“உங்க அம்மா அங்க ஆம்புலன்ஸ்தானே ஓட்டுறாங்க? அவங்க வேலைக்காகக் கேக்குறியா?”

“அம்மாவுக்கு வேற வேலை கிடைக்கும், மேடம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஆளுக்கு வேற வண்டி கிடைக்காது. தேர்தலப்ப அந்த வண்டி முன்னாடி நின்னுதான் நீங்க போட்டோ எடுத்துக்கிட்டீங்க. உள்ள ஸ்டியரிங்ல இருந்தது எங்கம்மா. போட்டோவுல அவங்களை வெட்டிட்டீங்க.”

லிஃப்ட் வந்தது. செனட்டர் ஏறினார். கதவு மூடிக்கொண்டது.

அலுவலகத்துக்குத் திரும்பினால், அதற்குள் விஷயம் விட்மன் காதுக்குப் போயிருந்தது.

“லிஃப்ட் வாசல்ல செனட்டரை மறிச்சியாமே? உங்க ஊர்ல பஸ்ஸை இப்படித்தான் மறிப்பாங்களோ?”

“எங்க ஊர்ல பஸ்ஸே கிடையாது சார்.”

“குடும்பத்துலயே முதல் பட்டதாரி. எவ்வளவு ஆசையா இந்த வேலைக்கு வந்த. கெடுத்துக்கிட்ட. தலைவர் நம்ம செனட்டருக்கு ஒரு கமிட்டியில இடம் தர்றேன்னு சொல்லியிருந்தார், தெரியுமா?”

“கமிட்டில நெஞ்சுவலிக்காரங்களை ஏத்திக்கிட்டுப் போக முடியுமா சார்?”

மணி நாலு. சுவரிலிருந்த டிவியில் சபை நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கட்சித் தலைவர் எழுந்து, மனப்பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் மசோதாவின் பெயரைச் சொன்னார். “ஆட்சேபம் உண்டா?” என்றது அவையை நடத்துபவரின் குரல்.

திரையின் ஓரத்தில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு அசைந்தது.

“எனக்கு ஆட்சேபம் இருக்கிறது.”

விட்மன் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. தலைவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அகஸ்டா ப்ரூயிட் உட்காரவில்லை. பதினோரு நிமிஷம் பேசினார்: ஐம்பத்தெட்டு மைல், மூடிய ஆஸ்பத்திரி, ரோண்டா ஸ்டில்ட்னர் என்கிற பெண் ஓட்டும் வண்டி. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நீக்காமல் தான் நகரப் போவதில்லை என்று முடித்தார். முறைப்படி விவாதம், ஓட்டெடுப்பு என்று போனால் ஒரு வாரம் ஆகும். விமானங்களோ காத்திருக்காது. ஆறேகாலுக்கு அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். பணம் ஒரு டாலர் குறையாமல் திரும்பி வந்தது. மறுபடி “ஆட்சேபம் உண்டா?” என்றார்கள். யாரும் எழவில்லை, மசோதா நிறைவேறியது.

டெஸ்ஸாவின் போன் அலறியது. அம்மா.

“அடியே, டிவியில என் பேரைச் சொல்லிட்டாங்கடி! இங்க எல்லாப் பயலும் ஹாரன் அடிக்கிறானுங்க, கேக்குதா?”

“கேக்குதும்மா. காது கிழியுது.”

விட்மன் சட்டையைத் துடைத்தபடி வந்தார். “சரி, ஜெயிச்சிட்ட. ஆனா விதி விதிதான். தலைவர் ஆபீசுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது. உன் தப்புன்னு போடு. வேலை பிழைக்கும்.”

“தப்பில்ல சார். எழுத மாட்டேன்.” கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். “நேத்தே பிளாக்ஃபோர்க் மாவட்ட ஆபீஸ்ல வேலைக்கு ஒத்துக்கிட்டேன். இந்த ஆம்புலன்ஸ் பணம் வேணும்னா ஒவ்வொரு மாவட்டமும் நாப்பது பக்க விண்ணப்பம் எழுதணும். போன வருஷம் எழுத ஆளில்லாம பக்கத்து மூணு மாவட்டத்துக்கு ஒண்ணுமே வரல. இனிமே நான் எழுதுறேன்.”

“அப்போ போற முடிவோடதான் கேட்டியா?”

“பெட்டியைக் கட்டி வச்சிட்டுத்தான் சார் லிஃப்ட் வாசலுக்கே வந்தேன்.”

மேசைக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தாள். காதில் வைத்த போனில் இன்னும் ஹாரன் சத்தம். அதைக் கேட்டபடியே கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியேறினாள்.